இன்னொரு ரவுண்டு, மோஸ்!

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெர்னா ப்ரூஸ்டர் வாத்தியக்காரர் சங்கத்துக்குள் நுழைந்தபோது சீட்டாட்ட மேஜையிலிருந்து ஒருவரும் தலை நிமிரவில்லை. ஆனால் அத்தனை பேரும் அவளைப் பார்த்துவிட்டார்கள். நிமிராமலே பார்ப்பது அந்த மேஜைக்காரர்களின் திறமை. அவர்களில் பாதிப் பேருக்கு வேறு திறமை இருந்ததாக வெர்னாவுக்குத் தெரியாது.

டிராம்போன் ஊதும் பிக்கெட் கையிலிருந்த சீட்டுகளை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ரஸ்ஸோட உதடு எப்படி இருக்கு வெர்னா? ரெண்டு நாளா உனக்காக ஊதி ஊதி வீங்கிப் போயிருக்குமே, பாவம்."

மேஜை முழுக்கச் சிரிப்பு.

"உன் உதட்டப் பத்திக் கவலப்படு பிக்கெட். போன சனிக்கிழம நீ ஊதினதக் கேட்டு, டான்ஸ் ஆட வந்த ஜோடிங்க எல்லாம் கோட்ட எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாங்களாமே."

இந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரியது. பிக்கெட்டும் சேர்ந்துதான் சிரித்தான். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது என்று அந்த மேஜைக்குப் பத்து வருஷமாகத் தெரியும்.

அவள் வந்த வேலை வேறு. ரிக்கார்டு எடுக்கும் ஒவ்வொரு நாளும் யார் யார், என்ன வாத்தியம் என்று எழுதிய தாளைச் சங்கத்தில் கொடுத்தாக வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் தாளை மேலிருந்து கீழே படித்தாள். வெர்னா ப்ரூஸ்டர், ட்ரம்பெட். மோசஸ் டில்லர்ட், பேஸ். சால் மொரானோ, டிரம்ஸ்.

"ட்ரம்பெட் ஒண்ணுதானா?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுதான்."

"ரஸ் ஹேலரனும் தெனம் அங்க வர்றார்னு சொன்னாங்களே. அவர் பேரு காணோமே?"

"வர்றார். உட்கார்ந்திருக்கார். உட்கார்றதெல்லாம் ஒரு வாத்தியமா என்ன?"

அந்தப் பெண் முத்திரை குத்தினாள். ஆனால் நம்பவில்லை என்பது அவள் குத்திய விதத்திலேயே தெரிந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வெர்னாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினாள். ஹாரன் அலறி, நடைபாதையில் போன ஒருவர் துள்ளினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை ஸ்டூடியோ இருந்த மெல்ரோஸ் தெருப் பக்கம் திருப்பினாள்.

முப்பத்தாறு வயதில் இது அவளுடைய முதல் ஆல்பம். பதினைந்து வருஷம் ஊர் ஊராய்ப் பெரிய இசைக்குழுக்களில், கழுத்து இறங்கிய பளபளப்பு கவுனும் கையுறையுமாய் நின்று, பொம்பளையால் இவ்வளவு சத்தமாக ஊத முடியுமா என்று ஜனங்கள் வாயைப் பிளக்கும்படி ஊதியாயிற்று. அதில் அவளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. ஊரும் மாறிக்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் அந்த ஐம்பத்தாறாம் வருஷம் யாரைக் கேட்டாலும் கூல் ஜாஸ்தான். கத்தாமல், நடுங்காமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோல் வாசிப்பது. அவள் பியானோகூட வேண்டாம் என்றாள். பின்னால் பியானோ இல்லையென்றால் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. ஒவ்வொரு சுரமும் தனியாக நின்றாக வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டும். ட்ரம்பெட், பேஸ், டிரம்ஸ். மூன்றே பேர், எட்டுப் பாட்டு, மூன்று காலை.

கம்பெனி முதலாளி ஐரா ஃபென்ஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, திங்கள்கிழமை காலை ரஸ் ஹேலரனைக் கூட்டிவந்து ஒலிப்பதிவாளன் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார வைத்துவிட்டார். ரஸ் சினிமா ஸ்டூடியோக்களில் முதல் ட்ரம்பெட். கையோடு தன் வாத்தியப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்.

"இவர் எதுக்கு?" என்று வெர்னா நேராகவே கேட்டாள்.

"சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தான் கண்ணு. மூணு மணி நேரம் தொடர்ந்து ஊதினா பொம்பளைங்களுக்கு உதடு தளர்ந்துடும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"பொதுவா சொல்றாங்க."

ட்ரம்பெட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால், பயந்து ஓடிவிட்டாள் என்று மத்தியானத்துக்குள் சீட்டு மேஜைக்குத் தகவல் போயிருக்கும். அதனால் அவள், "உட்காரட்டும். டிக்கெட் இல்லாம கேக்கற முதல் ஆளு அவர்தான்" என்று சொல்லிவிட்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

நன்றாக ஊத முடியுமா என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ரஸ்ஸைக் கண்டு பயமும் இல்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. ட்ரம்பெட்டுக்கு மீசையும் கிடையாது, கொண்டையும் கிடையாது. இசைத்தட்டில் சுழலும்போது ஊதியது யார் என்று அது சொல்வதில்லை. ஒரு தடவை பட்டவள் அவள். யுத்த காலத்தில் பதினாறு பெண்கள் சேர்ந்த குழுவில் இருந்தபோது ஒரு தட்டு வெளிவந்தது. அதில் நடுவில் தனியாக வரும் ட்ரம்பெட் அவளுடையது. திரைக்குப் பின்னால் ஒரு ஆண்பிள்ளையை நிற்கவைத்து ஊதச் செய்தார்கள் என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான். ஊரே நம்பியது. அதுகூடப் போகட்டும். பேக்கர்ஸ்ஃபீல்டில் அவளைப் பெற்றவளே தட்டைக் கேட்டுவிட்டு, "நல்லா ஊதறாண்டி அந்தப் பையன், யாரு அவன்?" என்று கேட்டாள். நான்தாம்மா என்றாள் வெர்னா. அம்மா, "சரி சரி" என்றாள். பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த "சரி சரி" அவள் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது மறுபடியும் அதே கதை. எட்டுப் பாட்டையும் உயிரைக் கொடுத்து ஊதினாலும், கடைசியில் அது ரஸ் ஊதியதாகிவிடும். அப்படி ஆகக் கூடாது. இந்த ஒரு ஆல்பமாவது அவளுடையது என்று கேட்கிறவனுக்குத் தெரிய வேண்டும். எப்படித் தெரியவைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்டூடியோவில் மோஸ் ஏற்கெனவே வந்து காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு, ஆளுயரக் கம்பி வாத்தியமான பேஸை அணைத்தபடி நின்றிருந்தான். டெக்சஸிலிருந்து வந்தவன், ஆறடி மூன்று அங்குலம். அவன் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அந்த அறையில் வாத்தியத்தைத் தவிர வேறு எதுவும் சத்தம் போடக் கூடாது. காலணி கிறீச்சிடக் கூடாது, இருமக் கூடாது. கடைசிச் சிம்பலின் ஓசை அடங்கி விளக்கு அணைகிற வரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். பேச்சு என்பது பெரும் பாவம். ஒரு வார்த்தை விழுந்தாலும் அந்தத் தடவை எடுத்த பதிவு, அதாவது அந்த டேக், குப்பைக்குத்தான்.

"பத்து மணிக்கெல்லாம் மனுஷன் ஜாஸ் வாசிப்பானா தலைவி?" என்றான் சால், கொட்டாவி விட்டபடி. "என் வீட்டுப் பூனையே இன்னும் எந்திரிக்கல."

"பூனை டிரம்ஸ் வாசிக்குமா சால்?" என்றான் மோஸ்.

"என்ன விட நல்லா வாசிக்கும். ஆனா அதுக்குச் சங்கத்துல உறுப்பினர் அட்டை இல்ல."

வெர்னா சிரிக்கவில்லை. மோஸ் அவளையே பார்த்தான்.

"சங்கத்துக்குப் போனியா?"

"போனேன்."

"என்னவாம்?"

"ரஸ்ஸோட உதடு எப்படியிருக்குன்னு கேட்டாங்க."

மோஸ் பேஸின் கம்பி ஒன்றைச் சுண்டிப் பார்த்தான். "என்னப் பத்தியும் கேட்டாங்க, பதினஞ்சு வருஷம் முன்னாடி, இவனெல்லாம் நோட்டுப் படிச்சு வாசிக்கற ஆளான்னு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா?"

"என்ன செஞ்ச?"

"வாசிச்சேன்."

அவ்வளவுதான் மோஸ். இதற்கு மேல் அவனிடமிருந்து ஆறுதல் வராது. ஆனால் அது போதுமாயிருந்தது.

பதினொன்றே முக்காலுக்குள் மொத்தம் ஏழு பாட்டு முடிந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி. 'திங்கள்கிழமை சலவை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அம்மா பின்கட்டில் துணி உலர்த்தும்போது காற்றில் விரிப்புகள் புடைத்துப் புடைத்து அடங்கும். அந்த அசைவை மனதில் வைத்துச் செய்த மெட்டு. சலவை என்ற பெயரோடு பாட்டு எப்படி விற்கும் என்று ஃபென்ஸ்டர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி அடித்தால் சங்க விதிப்படி எல்லாரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். அதற்குமேல் கூடுதல் கூலி கொடுத்து நிற்கவைக்க ஃபென்ஸ்டருக்கு மனசு வராது.

முதல் டேக்கில் டிரம்ஸைத் தடவி வாசிக்கும் பிரஷ் சாலின் கையிலிருந்து நழுவி விழுந்தது. இரண்டாவது டேக்கில் ஒரு பிழையும் இல்லை. தொடக்கம் முதல் கடைசிவரை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கண்ணாடி அறையில் ஃபென்ஸ்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சுத்தமா இருக்கு," என்றான் ஒலிப்பதிவாளன் கோர்டி, ஒலிபெருக்கி வழியாக.

"சுத்தமாதான் இருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி," என்றாள் வெர்னா. "இன்னொண்ணு எடுப்போம்."

மூன்றாவதைப் பாதியில் அவளே நிறுத்தினாள். பன்னிரண்டரைக்கு நாலாவது டேக் ஆரம்பித்தது.

மோஸ் கண்ணை மூடிக்கொண்டான். நன்றாக வாசிக்கும்போது அவன் கண் தானாக மூடிவிடும். அதுதான் அவனிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம். சால் பிரஷ்ஷால் தோலைத் தடவிக்கொண்டிருந்தான். வெர்னா மைக்குக்கு இரண்டு அங்குலத்தில் நின்று, மெட்டைப் பெரும்பாலும் மூச்சாகவே ஊதினாள். பேசி வைத்த ஏற்பாடு இது: மெட்டு ஒரு தடவை, அவள் கற்பனையாக ஊதுவது இரண்டு சுற்று, பிறகு பேஸ் தனியாகக் கீழே இறங்கி முடித்துவிடும்.

இரண்டாவது சுற்றின் நடுவில் ஒன்று நடந்தது. அவள் தேடிப்போகாத ஒரு சிறு துணுக்கு, மூன்றே சுரம், கையில் வந்து விழுந்தது. விரிப்பு புடைக்கிறது, அடங்குகிறது, புடைக்கிறது. இதைத்தான் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். இதோ இருக்கிறது. ஆனால் சுற்று முடியப்போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போக இன்னொரு சுற்று வேண்டும்.

வாத்தியக்காரர்களுக்கு அதற்கு ஒரு சைகை உண்டு. தலையில் கை வைத்தால் மறுபடி மேலிருந்து போவோம் என்று அர்த்தம். வெளியாட்கள் பார்த்தால் குடி முழுகிப்போனவள் என்று நினைப்பார்கள். வெர்னா வலது கையைத் தூக்கித் தலையில் வைத்தாள். சால் பார்த்தான், தலையசைத்தான். கண்ணாடி அறையில் ஃபென்ஸ்டரும் பார்த்தார். உதடு தளர்ந்துவிட்டது, தலையில் கை வைத்துவிட்டாள் என்று பதறி எழுந்து நின்றார்.

மோஸ் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பேசி வைத்த முடிவை நோக்கி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தான்.

அவளிடம் ஒரே ஒரு மூச்சுக்கு இடம் இருந்தது. அந்த மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, ஏற்பாட்டின்படி முடிவை ஊதலாம். இரண்டாவது டேக்கைப்போல் இதுவும் சுத்தமாக முடியும். பதினைந்து வருஷம் அவள் அப்படித்தான் செய்து வந்தாள். எழுதி வைத்ததை ஊதினாள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். போதும் என்று தோன்றியது. ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து இரண்டு விரல்கடை நகர்த்தினாள்.

"இன்னொரு ரவுண்டு, மோஸ்!"

கத்தவில்லை. பின்கட்டிலிருந்து சமையலறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான்.

மோஸின் கண் திறந்தது. விரல் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. கீழே இறங்கப்போனவன் அப்படியே திரும்பி மேலே ஏறினான். வெர்னாவிடம் மூச்சு அநேகமாக மிச்சமில்லை. பாதியைக் கூப்பிட்டே செலவழித்துவிட்டாள். மிச்சமிருந்ததை வைத்து ஊதினாள். அதனால் அந்த மூன்று சுரம் கொஞ்சம் தாமதமாக, மெலிந்து, தயங்கியபடி வந்தது. அதற்குள் அடுத்த மூச்சு கிடைத்துவிட்டது. பிறகு அந்தச் சுற்று முழுவதும் அவள் நினைத்ததெல்லாம் நடந்தது. நினைக்காததும் நடந்தது. முடிவில் பேஸ் தனியாகக் கீழே இறங்கியது, சிம்பல் ஒலித்தது, அடங்கியது. மூன்று பேரும் சிலையாக நின்றார்கள். விளக்கு அணைந்தது.

"அடிப்பாவி தலைவி," என்றான் சால், பிரஷ்ஷைக் கீழே வைத்தபடி. "எங்கம்மா இருந்தா உனக்குச் சுத்திப் போட்டிருப்பா."

மோஸ் பேஸைக் கீழே கிடத்தினான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெகு நேரம் துடைத்தான்.

கண்ணாடி அறைக் கதவு தடாலென்று திறந்தது.

"பேசிட்ட!" என்றார் ஃபென்ஸ்டர். "நடுவுல பேசிட்டியேம்மா! நல்லாப் போய்க்கிட்டிருந்ததக் கெடுத்துட்டியே!"

"டேப்பப் போடுங்க, கேப்போம்," என்றாள் வெர்னா.

எல்லாரும் கண்ணாடி அறையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ரஸ் எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. கோர்டி டேப்பை ஓட்டினான். அந்த இடம் வந்தது. ட்ரம்பெட், உடனே குரல், உடனே ட்ரம்பெட். குரலும் ஊதலும் ஒரே மூச்சு. கூப்பிட்ட மூச்சின் மிச்சத்தில்தான் அடுத்த சுரம் பிறக்கிறது. காது உள்ள எவனுக்கும் அது தெரியும். ஊதியது தான்தான் என்று காட்ட மூன்று நாளாக அவள் தேடிய வழி இதுதான். அவள் தேடாதபோது கிடைத்துவிட்டது.

"வெட்டி எடு கோர்டி," என்றார் ஃபென்ஸ்டர். "அந்த மூணு வார்த்தைதானே. பிளேடால ஒரு வெட்டு."

கோர்டி உதட்டைப் பிதுக்கினான். "வெட்ட முடியாது சார். குரலுக்கு அடியில பேஸ் போய்க்கிட்டிருக்கு, பிரஷ் போய்க்கிட்டிருக்கு. வெட்டினா தாளத்துல ஒரு காலு போயிடும். நொண்டி அடிக்கும்."

"அப்ப ரெண்டாவது டேக்கப் போடுவோம். அதுல என்ன கொறச்சல்? இல்லன்னா இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இதே மாதிரி இன்னொண்ணு, வாயத் தொறக்காம."

வெர்னா வெளியே போனாள். ட்ரம்பெட்டின் எச்சிலைத் தட்டி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டினாள். மாட்டிய சத்தம் மைக் வழியாகக் கண்ணாடி அறைக்குள் கேட்டது. திரும்பி வந்தாள்.

"நான் ஊதி முடிச்சாச்சு. நாலாவதுதான் போகணும்."

"இது என் கம்பெனிம்மா."

"கம்பெனி உங்களுதுதான். ரெண்டாவது டேக்கப் போடுங்க, யாரு வேண்டாங்கறது? ஆனா அது வெளிய வந்த அன்னிக்கே ரஸ் ஊதினதா ஆயிடும். அட்டையில என் படம், உள்ள ரஸ்ஸோட ஊதல்னு ஊரே சொல்லும். அவரையே கேளுங்க."

ஃபென்ஸ்டர் திரும்பினார். ரஸ் ஹேலரன் சங்கடமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயது, கண்ணியமான ஆள். மூன்று நாளாக அந்த நாற்காலி அவருக்கு முள்ளாகத்தான் இருந்திருக்கிறது.

"நேத்து மூணு பேரு என் கையப் புடிச்சுக் குலுக்கினாங்க ஐரா," என்றார். "வெர்னாவோட ரிக்கார்டுல பிரமாதமா ஊதியிருக்கியாமேன்னு. ஒருத்தன் டிரிங்க் வாங்கிக் குடுத்தான். நான் இல்லடான்னு சொன்னேன். ரகசியத்தக் காப்பாத்தறேன்னு நெனச்சுக் கண்ணடிச்சுட்டுப் போறான்."

"நீ உன் பெட்டியவே தொறக்கலயே!"

"தொறக்கல. இந்தப் பொண்ணு ஊதினதக் கேட்டப்பறம் வீட்ல போயும் தொறக்கல." ரஸ் வெர்னாவைப் பார்த்தார். "மொத நாளே எந்திரிச்சுப் போயிருக்கணும் நான். தப்புதான்."

"தப்புதான்," என்றாள் வெர்னா. அதை மழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு, "ஆனா இப்பச் சொன்னீங்களே, அது பெரிசு" என்றாள்.

ஃபென்ஸ்டர் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவ்வளவுதான். ஊரார் சிரிப்பார்களோ என்ற பயத்தில்தான் ரஸ்ஸைக் கூட்டிவந்தார். இப்போது அதனாலேயே ஊரார் சிரிக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் அவருக்கு வியர்த்தது.

"இன்னொரு தடவ போடு கோர்டி," என்றார்.

கோர்டி போட்டான். குரல் வந்த இடத்தில் ஃபென்ஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "இத... இதக் கேட்டா யாருக்கும் சந்தேகம் வராதுல்ல?"

"வராது," என்றான் மோஸ். அன்றைக்கு அந்த அறையில் அவன் முதலாளியிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

"பொம்பளக் குரலோட ஒரு ட்ரம்பெட் ரிக்கார்டு. ஊர்ல ஒருத்தன்கிட்டயும் இல்ல." அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "நான்தான் வேணும்னே பேசச் சொன்னேன்னு சொல்லிக்கறேன். அதுல உனக்கு ஆட்சேபணை இல்லயே, கண்ணு?"

"இல்ல. ஆனா கண்ணுன்னு கூப்பிடறதுல இருக்கு. வெர்னான்னு பேரு."

"சரிம்மா வெர்னா," என்றார் ஃபென்ஸ்டர். மணி ஒன்று அடித்தது.

ஆல்பம் அக்டோபரில் வெளிவந்தது. ஃபென்ஸ்டர் சொன்னபடியே, அது தன் யோசனைதான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டார். ஒருநாள் வெர்னா சங்கத்துக்குள் நுழைந்தபோது, மேஜைக்காரர்கள் நிஜமாகவே அவளைக் கவனிக்கவில்லை. ஆட்டம் மும்முரமாக இருந்தது. கலைத்துப் போடுகிறவனைப் பார்த்து பிக்கெட், "இன்னொரு ரவுண்டு, மோஸ்!" என்றான். கலைத்துப் போடுகிறவன் பெயர் வால்டர். அவன் பாட்டுக்குச் சீட்டைப் போட்டான், ஒருவரும் சிரிக்கவில்லை. அது அந்த மேஜையின் சாதாரணப் பேச்சாகிவிட்டிருந்தது. வெர்னா கவுண்டருக்குப் போய், தாளைக் கொடுத்தாள். அந்தப் பெண் படிக்காமலே முத்திரை குத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள். வழக்கமாக வெர்னாதான் செய்வாள். தூரத்து ஃபோன் என்றால் அம்மாவுக்குப் படபடப்பு.

"யாருடி அந்த மோஸ்?" என்றாள் அம்மா, எடுத்த எடுப்பில்.

"பேஸ் வாசிக்கறவர்மா. ஏன்?"

"அவரக் கூப்பிட்டியே, அதான் கேட்டேன். பக்கத்து வீட்டு டோரிஸ் தட்டு வாங்கிட்டு வந்தா. நான் அடுப்படியில இருந்தேன். நீ கூப்பிட்டதும் இதோ வர்றேன்னு கையத் தொடச்சுக்கிட்டுக் கூடத்துக்கு வந்துட்டேன். டோரிஸ் விழுந்து விழுந்து சிரிக்கறா. கொடியில துணி எடுக்கச் சொல்லிப் பின்கட்டுலேர்ந்து கூப்பிடுவியே, அதே கொரல்."

வெர்னா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெர்னா."

"சொல்லும்மா."

"அப்ப... அந்தப் பழைய தட்டு. யுத்தத்தப்ப வந்துச்சே. அதுல நடுவுல ஊதினதும் நீதானா?"

"நான்தாம்மா."

இந்தத் தடவை அம்மா சரி சரி என்று சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ இழுப்பறையைத் திறக்கிற சத்தம்.

"ஃபோன வச்சுடாத. அத எங்கயோ பத்திரமா வச்சேன். தேடி எடுத்துட்டு வர்றேன், இரு."

"இருக்கேம்மா," என்றாள் வெர்னா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.